ஆர்.வி. பேட்டரி டிஸ்கனெக்ட் சுவிட்ச்: அணைத்த பிறகும் பேட்டரி ஏன் இறங்குகிறது?

கேள்வி இதுதான். அமெரிக்காவில் பழைய டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடு, ஆர்.வி. வகைகளில் ஒன்று) வாங்கிய நண்பர், சீசன் முடிந்ததும் அதை ஸ்டோரேஜில் விட்டிருக்கிறார். முன்னால் இருக்கும், பேட்டரி இணைப்பை வெட்டும் சிவப்பு டிஸ்கனெக்ட் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வந்தார். ஐந்து வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பேட்டரி காலி. வீட்டுக்கு இழுத்து வந்து இரண்டு நாள் கரண்டில் சொருகி வைத்தார். உள்ளே லைட் எல்லாம் எரிந்தது, பேட்டரி மட்டும் சார்ஜ் ஏறவில்லை. சுவிட்ச் கெட்டுவிட்டதா, மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்.

நண்பரே, பெரும்பாலும் சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் சொன்ன இரண்டு சிக்கலுக்கும் காரணம் ஒன்றே: அந்தச் சுவிட்சுக்கு முன்னால் (பேட்டரிப் பக்கம்) எந்த வயர் இருக்கிறது, பின்னால் (வண்டிப் பக்கம்) எந்த வயர் இருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. 'ஆஃப்' என்று எழுதியிருப்பதால் எல்லாம் ஆஃப் என்று நினைத்துவிடுகிறோம். வீட்டு மெயின் வால்வை மூடினாலும், வால்வுக்கு முன்னாலேயே பிரித்து எடுத்த குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். இங்கே நடப்பதும் அதுதான்.

முதலில் டிரெய்லரின் மின் அமைப்பைப் பார்ப்போம். உள்ளே இரண்டு தனித்தனி உலகங்கள். ஒன்று 120 வோல்ட் ஏசி. கேம்ப்கிரவுண்டில் 30 ஆம்ப் அல்லது 50 ஆம்ப் கேபிளைச் சொருகும்போது மட்டும் உயிர் பெறும்; ஏசி மெஷின், மைக்ரோவேவ், சுவர் பிளக்குகள் எல்லாம் இதில். இன்னொன்று 12 வோல்ட் டிசி. விளக்கு, தண்ணீர் பம்ப், வண்டிக்குள் சூடேற்றும் ஃபர்னஸின் காற்றாடி, கேஸில் ஓடும் ஃபிரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு, வாட்டர் ஹீட்டர் போர்டு, தெர்மோஸ்டாட், கேஸ் டிடெக்டர் என்று வண்டியை வீடாக்கும் பொருட்கள் பெரும்பாலும் இதில்தான். இரண்டுக்கும் நடுவில் கன்வெர்ட்டர் என்ற பெட்டி உட்கார்ந்திருக்கிறது. 120 வோல்ட் வந்தால் அதை 13.2 முதல் 14.4 வோல்ட் வரையான டிசியாக மாற்றும். அந்த டிசி ஒரே நேரத்தில் விளக்குகளையும் நடத்தும், பேட்டரியையும் சார்ஜ் செய்யும். கரண்ட் சொருகாதபோது அந்த வேலை முழுக்கப் பேட்டரி தலையில் விழும்.

பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து கிளம்பும் தடித்த கேபிள் ஒரு சின்ன சர்க்யூட் பிரேக்கர் வழியாகவோ ஃபியூஸ் வழியாகவோ வந்து, ஃபியூஸ் பேனலுக்குள் போகிறது. அந்தப் பாதையில் நடுவே வைத்து வெட்டுவதுதான் டிஸ்கனெக்ட் சுவிட்ச். இது இரண்டு வகை.

உங்களுடையது எளிய வகை, கையால் திருகுவது. உள்ளே இரண்டு தடித்த செம்பு போல்ட்டுகள், அவற்றை இணைக்க ஒரு தொடுதகடு. திருகினால் தகடு இரண்டையும் தொடும், திருப்பினால் விலகும். அவ்வளவுதான். இதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. கழற்றி எடுக்கும் சிவப்புச் சாவியோடு வரும் மலிவுச் சுவிட்சுகளில் மட்டும் தகடு தேய்ந்து, மழைநீர் இறங்கி, தொடுதல் கெடும்.

மற்றது கதவுக்குப் பக்கத்தில் 'யூஸ்' / 'ஸ்டோர்' என்று எழுதிய சின்ன சுவிட்ச். மோட்டார்ஹோம்களிலும் (சொந்த என்ஜினில் ஓடும் வீட்டு வண்டி) விலை கூடிய டிரெய்லர்களிலும் இதைப் பார்க்கலாம். அந்தச் சின்ன சுவிட்ச் வழியாக வண்டியின் கரண்ட் போவதில்லை. அது பேட்டரிக்கு அருகே இருக்கும் ஒரு லாட்சிங் ரிலேக்குக் கட்டளை மட்டும் அனுப்புகிறது. ஒரு பக்கம் அழுத்தினால் ரிலேயின் காயிலுக்கு ஒரு திசையில் ஒரு நொடி கரண்ட், மறுபக்கம் அழுத்தினால் எதிர்த்திசையில். 'டக்' என்று சத்தம் கேட்கும், அதற்கப்புறம் ரிலே தானாகவே அந்த நிலையில் நின்றுகொள்ளும். நிற்பதற்குக் கரண்ட் தேவையில்லை. இதனால்தான் இந்த இடத்தில் சாதாரண சாலினாய்டைப் போடக்கூடாது. அதன் காயில் மூடியே இருக்க ஏறத்தாழ 1 ஆம்ப் தொடர்ந்து குடிக்கும். லாட்சிங் ரிலேக்கு ஒரு பலவீனமும் உண்டு: பேட்டரி மிகவும் இறங்கிவிட்டால் ரிலேயைத் தள்ள வலு இருக்காது. சுவரில் எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் வராது. அப்போது ஒரு தனி சார்ஜரை நேராகப் பேட்டரி முனையிலேயே மாட்டிக் கொஞ்சம் ஏற்றிவிட்டு அழுத்திப் பாருங்கள். அந்தக் கட்டளை வயரில் ஒரு சின்ன ஃபியூஸும் இருக்கும். ரிலேயைக் குறை சொல்லும் முன் அதைப் பார்ப்பது நல்லது.

சரி, சுவிட்சுக்கு முன்னாலேயே பிரிந்து போகும் வயர்களுக்கு வருவோம். உங்கள் பேட்டரியின் பிளஸ் முனையை உற்றுப் பாருங்கள். தடித்த கேபிள் ஒன்று மட்டும்தான் அங்கே இருக்கிறதா? அநேகமாக இருக்காது. மெல்லிய வயர்கள் ஒன்றிரண்டு, ஃபியூஸ் ஹோல்டரோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் சுவிட்சைத் தாண்டிப் போகும் ஒரு பாதை.

அதில் ஒன்று பிரேக்அவே சுவிட்சுக்குப் போவது, அல்லது போக வேண்டியது. ஓடும்போது இழுக்கும் வண்டியிலிருந்து டிரெய்லர் கழன்றுவிட்டால், எஃகுக் கயிறு ஒரு பின்னை இழுக்கும். உடனே பேட்டரியின் 12 வோல்ட் நேராக டிரெய்லரின் எலக்ட்ரிக் பிரேக்குகளுக்குப் போய்ச் சக்கரங்களைப் பிடிக்கும். அமெரிக்காவில் வணிக வாகனங்களுக்கான கூட்டாட்சி விதி, அந்த பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. பொழுதுபோக்கு டிரெய்லர்களில் எந்த எடைக்கு மேல் இது கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இரண்டு அச்சு டிரெய்லரில் நான்கு பிரேக் காந்தங்கள் சேர்ந்து சுமார் 12 ஆம்ப் இழுக்கும். இந்த வயர் டிஸ்கனெக்ட் சுவிட்சுக்குப் பின்னால் இருந்து, சுவிட்ச் அணைந்த நிலையில் நீங்கள் வண்டியை இழுத்துக்கொண்டு போனால், அந்தப் பின் கழன்றாலும் ஒன்றும் நடக்காது. அதனால் பிரேக்அவே வயர் சுவிட்சுக்கு முன்னால் இருப்பதுதான் சரி. பின் உள்ளே இருக்கும்வரை அது கரண்ட் எதுவும் இழுக்காது, பேட்டரியை இறக்குவது இது அல்ல.

உங்கள் பேட்டரியை இறக்கியது அநேகமாக கேஸ் டிடெக்டர். தரைக்கு அருகில், சுவரின் அடியில் பொருத்தியிருக்கும் பெட்டி. சிலிண்டரில் வரும் புரொபேன் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும், அதனால் அந்த இடம். ஓட்டுபவர் மறந்தாலும் அது வேலை செய்ய வேண்டும் என்று சில தயாரிப்பாளர்கள் அதை டிஸ்கனெக்ட் சுவிட்சைத் தாண்டி நேராகப் பேட்டரியில் இணைத்துவிடுகிறார்கள். பாதுகாப்பு நோக்கில் நியாயம்தான். ஆனால் அது இரவும் பகலும் கரண்ட் இழுக்கும். மாடலைப் பொறுத்து 0.1 ஆம்பை ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 2.4 ஆம்ப்-மணி. ஐந்து வாரத்துக்கு 84. டிராவல் டிரெய்லர்களில் சாதாரணமாக வரும் 'குரூப் 24' அளவு லெட்-ஆசிட் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 80 ஆம்ப்-மணியைச் சுற்றித்தான். கணக்கு பொருந்துகிறது பாருங்கள். இப்படி 'ஆஃப்' செய்தும் நான்கைந்து வாரத்தில் காலியானதாகச் சொன்னால் முதலில் நான் கை வைக்கும் இடம் இந்த டிடெக்டர்தான்.

இதற்காகச் சுவிட்ச் வீண் என்று நினைக்க வேண்டாம். சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்தால் ஸ்டீரியோவின் நினைவகம், ஃபிரிட்ஜ் போர்டு, ஆன்டெனா பூஸ்டர், நீல விளக்கு எரியும் யூஎஸ்பி பிளக்குகள் எல்லாம் சேர்ந்து அரை ஆம்ப் வரை எளிதாகப் போயிருக்கும். ஒரு நாளைக்கு 12 ஆம்ப்-மணி. ஒரே வாரத்தில் பேட்டரி தரை தட்டியிருக்கும்.

சுவிட்சைத் தாண்டிப் போகக்கூடிய வேறு சிலவும் உண்டு. டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கி இறக்கும் எலக்ட்ரிக் ஜாக்கின் வயர் பெரும்பாலும் நேராகப் பேட்டரிக்குத்தான் போகும்; மோட்டார் ஓடாதபோது அது எதுவும் இழுக்காது, அதில் விளக்கு ஏதாவது எரிந்தால் தவிர. பெரிய இன்வெர்ட்டர் பொருத்தியிருந்தால் கதை வேறு. 2000 வாட் இன்வெர்ட்டர் முழு வேலையில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 200 ஆம்ப் இழுக்கும். கம்பெனி பொருத்தித் தரும் ரிலே 100 ஆம்ப் அளவில்தான் இருக்கும் என்பதால் இன்வெர்ட்டர் கேபிளைத் தனியாக, பேட்டரிக்கு நேராக இழுத்துவிடுவார்கள். இன்வெர்ட்டரை அதன் பட்டனில் அணைக்காமல் விட்டால் சும்மா இருக்கும்போதே 1 முதல் 2 ஆம்ப் போகும். டிஸ்கனெக்டை எத்தனை முறை திருகினாலும் அதற்குத் தெரியாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கரண்டில் சொருகியும் பேட்டரி ஏன் ஏறவில்லை? டிஸ்கனெக்ட் சுவிட்ச் பேட்டரிக்கும் ஃபியூஸ் பேனலுக்கும் நடுவில் இருக்கிறது. கன்வெர்ட்டர் எந்தப் பக்கம்? ஃபியூஸ் பேனல் பக்கம். வீட்டுக்கு வந்த பிறகும் சுவிட்சை அணைத்தே வைத்திருந்தால், கன்வெர்ட்டர் விளக்குகளுக்கு அழகாக 12 வோல்ட் கொடுக்கும். பேட்டரிக்குப் போகும் வழி மட்டும் அடைத்திருக்கும். உள்ளே எல்லாம் எரிவதால் சார்ஜும் ஏறுகிறது என்று நம்பிவிடுவோம். 'ஸ்டோர்' நிலையில் கரண்டில் சொருகி வைத்து, மாதக்கணக்கில் சார்ஜ் ஏறுவதாக நம்பி, கடைசியில் பேட்டரியை இழந்தவர்கள் நிறைய. சார்ஜ் ஏற வேண்டுமானால் சுவிட்ச் 'ஆன்' அல்லது 'யூஸ்' நிலையில் இருந்தாக வேண்டும். சார்ஜ் ஏறுகிறதா என்பதைப் பேட்டரி முனையிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள். 13.2க்கு மேல் காட்டினால் ஏறுகிறது. 12.6க்குக் கீழேயே மணிக்கணக்கில் நின்றால் அதற்கு எதுவும் வந்து சேரவில்லை.

சுவிட்சை ஆன் செய்தும் ஏறவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஃபியூஸ் பேனலில் 'ரிவர்ஸ் போலாரிட்டி' என்று எழுதி, பக்கத்தில் ஒன்றோ இரண்டோ பெரிய ஃபியூஸ் இருக்கும். யாராவது பேட்டரியை ஒரு நொடி பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டியிருந்தாலும் அவை கருகியிருக்கும். அப்போதும் கன்வெர்ட்டர் விளக்குகளை எரிக்கும், பேட்டரி மட்டும் தனித்து நிற்கும், அதாவது சுவிட்ச் அணைந்திருப்பது போலவே எல்லாம் தெரியும். இன்னொரு இடம், பேட்டரிக்குப் பக்கத்தில் வண்டியின் இரும்புச் சட்டத்தில் திருகியிருக்கும் சின்ன உலோகப் பிரேக்கர். மழையிலும் சாலை உப்பிலும் கிடந்து அதன் போல்ட்டுகள் துருப்பிடித்துத் தொடுதல் விட்டுப்போகும்.

இதில் இன்னொரு விஷயமும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியை வெட்டிவிட்டுக் கன்வெர்ட்டரை மட்டும் நம்பி ஸ்லைடு அறையை (நிறுத்திய பிறகு பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதியை) நகர்த்தாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட் கன்வெர்ட்டரின் வரம்பைத் தாண்டலாம். அந்த நொடியைத் தாங்கிக்கொள்வது பேட்டரியின் வேலை.

சரி, உங்கள் வண்டியில் எது எங்கே இணைத்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கையேட்டில் இருக்கும் படத்தை நம்பிவிட வேண்டாம். பழைய வண்டி, முன்னால் வைத்திருந்தவர் என்னென்ன சேர்த்தார் என்று யாருக்குத் தெரியும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முதலில் எல்லா வெளி மூலங்களையும் நிறுத்துங்கள்: கரண்ட் கேபிளைப் பிடுங்குங்கள், இழுக்கும் வண்டியின் 7 பின் பிளக்கைக் கழற்றுங்கள், கூரையில் சோலார் இருந்தால் அதன் பிரேக்கரை அணையுங்கள், இல்லையென்றால் பேனலைக் கனத்த துணியால் மூடுங்கள். உள்ளே ஒரு விளக்கைப் போட்டுவிட்டு டிஸ்கனெக்டை அணையுங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் சுவிட்ச் உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது யாரோ அதைச் சுற்றி வேறு வயர் இழுத்திருக்கிறார்கள். அப்புறம் மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையைச் சுவிட்சின் ஒவ்வொரு போல்ட்டிலும் தொட்டுப் பாருங்கள். ஒன்றில் பேட்டரி வோல்ட்டேஜ், மற்றதில் பூஜ்யம் வர வேண்டும். பின்பக்கத்தில் சில நொடி சின்ன வோல்ட்டேஜ் தங்கி மெல்ல இறங்கினால் பயப்பட வேண்டாம், ஏதோ ஒரு போர்டின் கெப்பாசிட்டர் காலியாகிறது.

அடுத்தது முக்கியமான அளவீடு. சுவிட்ச் அணைந்த நிலையில், பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து எல்லா மைனஸ் வயர்களையும் ஒன்றாகக் கழற்றுங்கள். ஒன்றைக்கூட விடக்கூடாது. மீட்டரை 10 ஆம்ப் துளைக்கு மாற்றி, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையைக் கழற்றிய வயர்களிலும் வையுங்கள். இப்போது ஓடும் கரண்ட் எல்லாம் மீட்டர் வழியாகத்தான் போகும். இந்த நேரத்தில் ஜாக், ஸ்லைடு எதையும் இயக்க வேண்டாம், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். பூஜ்யம் காட்டினால் உங்கள் சுவிட்ச் உண்மையிலேயே எல்லாவற்றையும் வெட்டுகிறது. 0.1 மாதிரி ஏதாவது காட்டினால், பிளஸ் முனையில் இருக்கும் மெல்லிய வயர்களின் ஃபியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எதைக் கழற்றும்போது எண் பூஜ்யத்துக்கு விழுகிறதோ அதுதான் ஆள். அந்த ஃபியூஸ் ஹோல்டரில் ஒரு டேப் ஒட்டி என்ன வயர் என்று எழுதி வைத்துவிடுங்கள். கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்த நினைப்பார்கள். 0.1 ஆம்ப் போன்ற சிறிய அளவுகளில் சாதாரண கிளாம்ப் மீட்டரின் சொல் நம்பத்தக்கதல்ல.

பிரேக்அவேயையும் இதே நேரத்தில் சோதித்துவிடுங்கள். வயர்களைத் திரும்ப மாட்டி, 7 பின் பிளக்கைச் சொருகாமல், டிஸ்கனெக்டை அணைத்தபடியே பின்னை இழுங்கள். சக்கரத்தின் அருகே காது வைத்தால் பிரேக் காந்தங்களின் மெல்லிய சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் சுவிட்சைப் போட்டுவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். அப்போது மட்டும் கேட்டால், உங்கள் வண்டியில் பிரேக்அவே வயர் டிஸ்கனெக்ட் சுவிட்சுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த வயரை முன்னால் மாற்றும்வரை, டிஸ்கனெக்ட் ஆன் நிலையில் இல்லாமல் சாலையில் ஏறவே கூடாது. பின்னை நீண்ட நேரம் வெளியே விடாதீர்கள், காந்தங்கள் சூடேறும்.

மைனஸ் பக்கத்தில் சுவிட்ச் வைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. பேட்டரி முனையிலேயே பொருத்தும், பச்சைத் திருகு வைத்த சுவிட்சுகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. எல்லா மைனஸ் வயர்களும் அதன் வழியாகவே போனால் அது டிடெக்டர் உட்பட எல்லாவற்றையும் வெட்டும். நீண்ட காலம் நிறுத்தி வைக்க அது நல்லதுதான். ஆனால் பிரேக்அவேயும் சேர்ந்தே செத்துவிடும், ஏனென்றால் அதன் கரண்ட் சட்டத்தின் வழியாகத் திரும்பி அந்த மைனஸுக்குத்தான் வர வேண்டும். ஒரே ஒரு மைனஸ் வயர் சுவிட்சைச் சுற்றிச் சட்டத்துக்குப் போனாலும் எதுவும் வெட்டப்படாது. என் தேர்வு, தினசரிப் பயன்பாட்டுக்கு பிளஸ் பக்கத்தில் நல்ல திருகு சுவிட்ச், குளிர்காலத்துக்கு மைனஸ் கேபிளையே கழற்றி வைப்பது.

கேஸ் டிடெக்டரை முன்னால் இருந்து பின்னால் மாற்றிவிடலாமே என்று இந்நேரம் உங்களுக்குத் தோன்றியிருக்கும். வேண்டாம் என்பதே என் கருத்து. அதன் ஃபியூஸை ஸ்டோரேஜில் விடும்போது மட்டும், சிலிண்டர் வால்வுகளை மூடிய பிறகு, கழற்றி வையுங்கள். திரும்ப எடுக்கும்போது முதல் வேலையாக மாட்டுங்கள், வால்வு திறப்பது அப்புறம். வண்டிக்குள் ஒருவர் தூங்குகிறார் என்றால் அந்த டிடெக்டருக்கு மின்சாரம் இருந்தே ஆக வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்த ராத்திரி டிஸ்கனெக்டை அணைத்துவிட்டுப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். டிடெக்டர் சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும் வண்டியில் அது மிகவும் ஆபத்தான பழக்கம். கார்பன் மோனாக்சைடு டிடெக்டரும் அதே பெட்டிக்குள் சேர்ந்து வருவது இப்போது சகஜம்.

சோலார் பேனல் இருந்தால் கன்ட்ரோலரின் (பேனலின் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி கட்டுப்படுத்தும் பெட்டி) வயர் எங்கே சேர்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். சுவிட்சுக்கு முன்னால், பேட்டரிப் பக்கம் சேர்ந்தால், வண்டி அணைந்து நிற்கும்போதும் வெயில் பேட்டரியை நிரப்பிக்கொண்டிருக்கும். டிடெக்டர் குடிக்கும் 2.4 ஆம்ப்-மணியை ஒரு சாதாரண 100 வாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். கூரையில்லாத இடத்தில் நிறுத்துபவர்களுக்கு இதுவே சிறந்த தீர்வு. பின்னால் சேர்ந்தால் இரண்டு தொல்லை. பேட்டரிக்கு எதுவும் வராது. கன்ட்ரோலர் பேட்டரி இல்லாமல் பேனலோடு மட்டும் விடப்படும். முதலில் பேட்டரியை மாட்டு, அப்புறம் பேனலை மாட்டு என்று கன்ட்ரோலர் கையேடுகள் சொல்வது இந்த நிலையைத் தவிர்க்கத்தான். சில கன்ட்ரோலர்கள் தாங்கும், சில கெட்டுவிடும்.

மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களுக்காக ஒரு பத்தி. அங்கே பேட்டரி இரண்டு கூட்டம்: என்ஜினைக் கிளப்ப ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி டிஸ்கனெக்ட் இருக்கலாம், வீட்டுக்கு மட்டும் இருக்கலாம். வீட்டு சுவிட்சை அணைத்துவிட்டு என்ஜின் பேட்டரி இறங்கிவிட்டதே என்று குழம்புவது இதனால்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தப் பெரிய டிஸ்கனெக்டையும் அணைக்காதீர்கள். ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்துகொண்டிருக்கும் கரண்ட் திடீரென்று போக இடமின்றி வோல்ட்டேஜாக எகிறும். அதன் டயோடுகளும் வண்டியின் கம்ப்யூட்டர்களும் அடிபடலாம். புதிய டீசல் வண்டிகளில் என்ஜினை நிறுத்திய பிறகும் சில நிமிடம் காத்திருந்து அணையுங்கள். புகையைச் சுத்தம் செய்யப் பயன்படும் யூரியா திரவத்தைக் குழாய்களிலிருந்து உறிஞ்சித் தொட்டிக்குத் திருப்பும் வேலையை அந்த நேரத்தில் வண்டி செய்துகொண்டிருக்கும்.

உங்கள் சுவிட்ச் நல்லதா என்று ஒரு சோதனையும் செய்துவிடலாம். சுவிட்சை ஆன் செய்து, ஃபர்னஸ், பம்ப், விளக்குகள் எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் சுவிட்சின் இரண்டு போல்ட்டுகளில் வைத்து வோல்ட்டேஜைப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு வெகு கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தொடுதகடு தேய்ந்திருக்கிறது, அல்லது நட்டு தளர்ந்திருக்கிறது. கை வைத்தால் சூடு தெரிகிறதா என்றும் பாருங்கள். முதலில் நட்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பாதிப் புகார்கள் அதிலேயே தீரும்.

அப்படியும் மாற்றத்தான் வேண்டுமென்றால், ஆம்ப் அளவைப் பார்க்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணைப் பார்க்காமல், 'தொடர்ந்து' தாங்கும் எண்ணைப் பாருங்கள். சில நொடிகளுக்கு மட்டும் தாங்கும் எண்ணைத்தான் விளம்பரத்தில் போடுவார்கள். டிசிக்கு என்று மதிப்பிட்ட சுவிட்சாக இருக்க வேண்டும். ஏசி கரண்ட் நொடிக்குப் பலமுறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணையும், டிசியில் அந்த உதவி கிடையாது. சுவிட்ச் ஃபியூஸ் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். பேட்டரி, அதற்கு மிக அருகே ஃபியூஸ், அதற்கப்புறம் சுவிட்ச் என்பதே வரிசை. லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் மூடிய பேட்டரிப் பெட்டிக்குள் சாதாரண சுவிட்சை வைக்காதீர்கள், வெளியே வையுங்கள். வேலை தொடங்கும் முன் கரண்ட் கேபிளைப் பிடுங்கி, மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். ஸ்பானர் தவறிச் சட்டத்தைத் தொட்டாலும் அப்போது ஒன்றும் ஆகாது. பெரிய இன்வெர்ட்டர் சுவிட்சுக்குப் பின்னால் இருந்தால், சுவிட்சைப் போடும் கணத்தில் அதன் கெப்பாசிட்டர்கள் பசியோடு இழுத்து உள்ளே தீப்பொறி விழும். ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சில நொடி முன்கூட்டியே நிரப்பிவிட்டுப் போடுவது தகட்டின் ஆயுளைக் காக்கும்.

இனி உங்கள் பேட்டரிக்கு. முழுக்க இறங்கிக் கிடந்த லெட்-ஆசிட்டின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகியிருக்கும், பழைய கொள்ளளவு முழுதாகத் திரும்பாமல் போகலாம். நல்ல சார்ஜரில் முழுக்க ஏற்றி, எல்லா இணைப்பையும் கழற்றி, ஒரு நாள் சும்மா வைத்து அளந்து பாருங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் நின்றால் இன்னும் பயன்படும். 12.2க்கு இறங்கிவிட்டால் புதியது வாங்கும் நேரம் வந்துவிட்டது. குளிர்காலத்தில் காலிப் பேட்டரியை வெளியே விடவே விடாதீர்கள். நிறைந்த பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரி செல்சியஸிலும் உறையாது, காலியானதன் அமிலம் மைனஸ் 7ஐ ஒட்டியே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். ஸ்டோரேஜில் கரண்ட் இல்லையென்றால், முழுக்க ஏற்றி, மைனஸைக் கழற்றிவிட்டு வாருங்கள். இல்லையேல் பேட்டரியை வீட்டுக்கே எடுத்து வந்து கராஜில் வைத்து, மாதம் ஒருமுறை அளந்து, 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். அடுத்து லித்தியம் வாங்குவதாக இருந்தால் கணக்கு மாறும்: அதைப் பாதி சார்ஜில் வெட்டி வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும், ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது. அதனால் அப்போது சோலாரைச் சுவிட்சுக்கு முன்னால் விட்டுவைக்கும் முன், பேட்டரியே குளிரில் சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.